நூறு வரைக்கும் திருகிய கோரஸ்

எனக்கு அருவருப்பு சீக்கிரம் வரும். டீ கிளாஸின் விளிம்பில் பழைய டீயின் கோடு தெரிந்தால் போதும், ஒரு மாதத்துக்கு அந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் நகத்தைக் கடித்துத் துப்பினால், சீட்டை அவருக்கே விட்டுவிட்டு நைனார்பாளையம் வரை நின்றுகொண்டே போவேன். இப்படிப்பட்ட ஒருவன் கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடையின் மாடியில் பாட்டு ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். கீழே பூச்சிமருந்து வாடை. மேலே, சத்தம் வெளியே போகக் கூடாது என்று ஜன்னலையெல்லாம் அடைத்த அறையில், காலையிலிருந்து வந்துபோனவர்களின் வியர்வை வாடை. "ஒங்களுக்குக் காது எவ்ளோ நல்லதோ, மூக்கு அவ்ளோ கெட்டது" என்று என் மனைவி சொல்வாள். அவள் சொன்னது சரிதான் என்று ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு அம்மன் பாட்டு தேவைப்பட்டது.

என்னிடம் வருவது பெரிய இடத்துப் பாட்டுகள் இல்லை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள், பதினாறாம் நாள் காரியத்தில் இறந்தவர் படத்தோடு ஓடுகிற பாட்டு, கிறிஸ்துமஸுக்கு ஊர்ச் சபைகள் போடுகிற பாட்டு, ஆடி பிறந்தால் அம்மன் பாட்டு. எந்தச் சாமிக்கானாலும், எந்தக் கட்சிக்கானாலும், கடைசியில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "கொரல்ல எதனா எஃபெக்ட் போடுங்க."

அந்த எஃபெக்ட் சமாசாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குரலை ஆட விடுகிற எஃபெக்டுகள் நாலைந்து உண்டு. கோரஸ் என்றால், பாடியதையே நகலெடுத்து, அதைக் கொஞ்சம் பிந்தவிட்டு, கொஞ்சம் சுருதி அசையவிட்டு, உண்மைக் குரலோடு சேர்ப்பது. ஒருத்தர் பாடினாலும் நாலு பேர் சேர்ந்து பாடுவது போலிருக்கும். குடத்தில் தண்ணீர் நிரம்ப நிரம்பச் சத்தம் மேலேறுமே, அதைக் குரல்மேல் பூசினால் ஃபிளாஞ்சர். ஓடுகிற ஃபேனுக்கு எதிரே உட்கார்ந்து பிள்ளைகள் பேசி விளையாடும் குரல் ட்ரெமலோ. ஃபேஸர் என்று ஒன்று இருக்கிறது, அது குரலுக்கு ஒரு வழவழப்பைக் கொடுக்கும். அதைக் கேட்டாலே எனக்குக் கை கழுவ வேண்டும் போலிருக்கும்.

இவற்றைப் பெருங்காயம் போடுவது போலத்தான் போட வேண்டும். உண்மைக் குரலை நடுவில் அப்படியே விட்டுவிட்டு, ஒரு நகலுக்கு மட்டும் எஃபெக்ட் போட்டு, அதை அடியில் கேட்டும் கேட்காமலும் சேர்க்க வேண்டும். பல்லவியில் கொஞ்சம் கூட்டலாம். சரணத்தில் கதை சொல்கிற இடம் வந்தால் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வார்த்தை குழைந்துபோகும். பாட்டு மெதுவாகப் போனால் ஆட்டமும் மெதுவாக இருக்க வேண்டும். போட்டிருப்பதே தெரியக் கூடாது, எடுத்தால் ஏதோ குறைகிற மாதிரி இருக்க வேண்டும். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அதெல்லாம் சரி, சுத்தற எஃபெக்ட் போடுங்க" என்பார்கள். வாட்ஸப்பில் ஒரு பாட்டு வந்துவிட்டதல்லவா, ஹெட்போனில் கேட்டால் தலையைச் சுற்றிச் சுற்றிப் பாடுமே, அதிலிருந்து இந்த ஜில்லாவே சுற்றிக்கொண்டிருக்கிறது.

அம்மன் பாட்டைக் கொண்டுவந்தவர் ஒரு ரோடு கான்ட்ராக்டர். சங்கராபுரத்துக்காரர். கல்வராயன் மலைமேல், வெள்ளிமலைக்கும் அந்தப்பக்கம், ஒரு சின்ன ஊருக்கு ரோடு போட்டிருந்தார். அந்த ஊர்க் கோவிலில் ஆடிக்குக் கூழ் ஊற்றும்போது போட ஒரு பாட்டும் தன் செலவில் செய்து தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். பாட்டில் அம்மன் பெயர் எத்தனை தடவை வந்ததோ, அதில் பாதித் தடவை அவர் பெயரும் வந்தது.

பாட வந்தவர் அந்த ஊர் அம்மா ஒருவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். மரவள்ளிக் காட்டில் கூலி வேலை, சீசன் வந்தால் கீழே இறங்கிக் கரும்பு வெட்டு. ஊரில் களையெடுப்பானாலும் சாவானாலும் சாமியானாலும் முதல் வரியை எடுத்துக் கொடுப்பவர் அவர்தானாம். காலை பஸ்ஸில் தனியாக இறங்கி வந்தார். செருப்பைக் கீழேயே, உரக்கடை வாசலிலேயே விட்டுவிட்டு மாடி ஏறியிருந்தார். கழுத்தில் முந்தானையைச் சுற்றியிருந்தார். குளிருகிறதோ என்று ஏ.சி.யைக் குறைக்கப் போனேன்.

"குளுருக்கு இல்லீங்க சார்" என்று முந்தானையை விலக்கிக் காட்டினார். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. "தைராய்டுன்றாங்க. ஆடி கழிச்சி ஆபரேஷன். சில பேருக்கு கொரலு மாறிடும்னு டாக்டரம்மா முன்னாடியே சொல்லிட்டாங்க. அதுக்குள்ள ஒரு தபா நல்லா புடிச்சி வெச்சிக்கலாம்னுதான் இந்தப் பாட்டுக்கே ஒத்துக்கினேன். எங்க பொண்ணு திருப்பூர்ல கம்பெனில கீது. அது போன்ல போட்டுக் கேட்டுக்கினு இருக்கும்."

"கவலப்படாதீங்கம்மா. பத்திரமா வெச்சிருக்கேன்" என்றேன்.

பாடினார். இனிப்பான குரல் இல்லை. அடியில் ஒரு சொரசொரப்பு, மேலே ஏறும்போது அது சட்டென்று தெளிந்துவிடும். வரி முடிகிற இடத்தில் எல்லோரும் மூச்சு வாங்குவார்கள், அவர் வாங்காமல் அடுத்த வரிக்குத் தாவி, எதிர்பார்க்காத ஒரு வார்த்தைக்கு நடுவில் வாங்கினார். மலையேற்றத்தில் சுமையோடு பாடிப் பழகியவர்கள் அப்படித்தான் மூச்சு வாங்குவார்கள் என்று அவரே சொன்னார். ஒரே தடவையில் முடிந்தது. எனக்கு அந்தக் குரல் ரொம்பப் பிடித்துவிட்டது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த நேரம் முழுவதும் எனக்குப் பூச்சிமருந்து வாடை தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, மிக்ஸிங் பண்ணும்போது பக்கத்தில் உட்கார வேண்டும் என்று கான்ட்ராக்டர் வந்தார். எங்கள் ஊர்ப் பக்கம் அது ஒரு வழக்கம். காசு கொடுப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, தையல்காரரிடம் அளவு சொல்வது போல, இதைக் கூட்டு அதைக் குறை என்று சொல்வார். அதுவாவது பரவாயில்லை. இவர் போண்டாப் பொட்டலத்தோடு வந்தார். தின்று முடித்து, விரல்களை ஒவ்வொன்றாக வாயில் விட்டு எடுத்து, அந்த விரலாலேயே என் மானிட்டரைத் தொட்டு, "இது இன்னா, இது இன்னா" என்று கேட்டார். தொட்ட இடத்திலெல்லாம் எண்ணெய் வட்டம். பிறகு பாக்கைப் போட்டுக்கொண்டார். என் குப்பைக்கூடையைக் குறிபார்த்துத் துப்பினார். பாதி கூடைக்குள் விழுந்தது, பாதி வெளியே.

குரலை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டினேன். முகத்தைச் சுளித்தார். சாக்கடையைத் தாண்டும்போது சுளிப்போமே, அப்படி.

"இன்னா தம்பி, மலையூரு வாசன அடிக்குதே கொரல்ல."

"அது அவங்க கொரலுங்க. நல்லாத்தான இருக்கு."

"கூழு குடிச்ச கொரலு. சாமி பாட்டுனா ஜில்லுனு இருக்க வேணாமா? என் பேரு வேற வருது. நாலு பேரு கேக்கறது. சுத்தற எஃபெக்ட் போடு."

கோரஸைக் கொஞ்சமாகப் போட்டேன், பதினைந்துக்கு. கேட்கவில்லை என்றார். முப்பது. "ஏத்து." ஐம்பது. "ஏத்து தம்பி, கம்மியா கீது." அவருக்குக் கேட்கவில்லை என்று என் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார். அன்று காலைதான் தலைக்கு மை அடித்திருப்பார் போல. ஹெட்போனின் பஞ்சில் கறுப்பாக ஈரம் ஏறியதை என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பஞ்சைத்தான் நாளைக்கு நான் என் காதில் வைக்க வேண்டும்.

அந்தக் கோரஸில் குரலை அகலப்படுத்த ஒரு பொத்தான் உண்டு. அதைப் போட்டேன். குமிழை நூறுக்குத் திருகினேன். நூறு என்றால் நடுவில் உண்மைக் குரலே இல்லை, ஆடுகிற நகல் மட்டும் இரண்டு பக்கமும் நிற்கும். எஃபெக்ட் போடுகிற எவனும் நூறில் வைக்க மாட்டான். கான்ட்ராக்டர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

"ஆங். இப்ப கீது பாரு. தலய சுத்திக்கினு போவுது."

வாதாடியிருக்கலாம். இதைவிடப் பெரிய ஆட்களிடம் வாதாடி முப்பதில் நிறுத்தியிருக்கிறேன். அவர் பார்க்காத நேரத்தில் குறைத்துவிட்டு "ஏத்திட்டேன்" என்று சொல்கிற வித்தையும் எனக்குத் தெரியும், இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அன்று எதையும் செய்யவில்லை. அவர் எழுந்து போனால் போதும் என்றிருந்தது. அவர் உட்கார்ந்த நாற்காலியைத் துடைக்க வேண்டும், தரையைக் கழுவ வேண்டும், பஞ்சை மாற்ற வேண்டும். என் மனது அதிலேயே நின்றது.

என் கம்ப்யூட்டர் பழசு. நாலு எஃபெக்ட் சேர்ந்து ஓடினால் படுத்துவிடும். அதனால் எஃபெக்ட் முடிவானதும் அதைக் குரலோடு சேர்த்தே ஒரு புது ஃபைலாக எழுதிவிட்டு, பழைய ஃபைலை இடத்துக்காக அழித்துவிடுவேன். பிடித்த பாட்டாக இருந்தால் அழிக்கும் முன்னால் வேறொரு டிஸ்க்கில் ஒரு நகல் போட்டு வைப்பேன். அன்று அந்த டிஸ்க் வீட்டில் இருந்தது. பழையதை அழிக்காமல் முழுப் பாட்டை எழுத இடம் போதாது, நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் அவரும் நாளைக்கு வந்து உட்காருவார். எழுதினேன், அழித்தேன், அவர் கையில் பென்டிரைவைக் கொடுத்தேன்.

இன்னொன்றையும் செய்யாமல் விட்டேன். எந்தப் பாட்டு முடிந்தாலும், கீழே உரக்கடையில் இருக்கும் ஒற்றை ஸ்பீக்கரில் ஒரு தடவை போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன். உரக்கடைக்காரர் மூட்டைமேல் உட்கார்ந்தபடி கேட்டுவிட்டு, நன்றாக இருந்தால் கையை ஆட்டுவார். அன்று கீழே போகவில்லை. தரையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஆடித் திருவிழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், துண்டு போர்த்துவதற்கு. வடக்கனந்தல் தாண்டி, மலை ஏறி, வண்டியில் போய்ச் சேர்ந்தபோது கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. புளிய மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. அந்த அம்மா புதுப் புடவையில் கூழ்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த பெண்களிடம், "அவருதான் அந்த சாரு, என் கொரல புடிச்சவரு" என்று காட்டினார். எல்லோரும் கும்பிட்டார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கான்ட்ராக்டர் கையைக் காட்டினார். மைக்செட்காரர் பாட்டைப் போட்டார். பம்பை வந்தது, உடுக்கை வந்தது, கீபோர்டு வந்தது. பல்லவி வர வேண்டிய இடம் வந்தது. பல்லவி வரவில்லை. அந்த இடத்தில் பம்பை மட்டும் அடித்தது. அப்புறம், ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்லக் கான்ட்ராக்டர் வீட்டுப் பெண்களை வைத்து எஃபெக்ட் இல்லாமல் தனியாக எடுத்திருந்தோம், அவர்கள் "ஓம் சக்தி தாயே" என்று பாடினார்கள். திரும்ப வெறும் பம்பை. திரும்ப "ஓம் சக்தி தாயே". யாரும் கேட்காத கேள்விக்கு அவர்கள் மட்டும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இடையிடையே குரல் இருந்த இடத்தில், "ஸ்" என்கிற எழுத்து மட்டும் கசிந்தது.

இரண்டாவது சரணம் வருவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த அகலப் பொத்தான் ஒரு வேலை செய்யும். இடது பக்கக் குரல் தள்ளும்போது வலது பக்கக் குரலை இழுக்கவைக்கும். காதுக்கு ஒரு ஸ்பீக்கர் இருந்தால் அது அகலமாகக் கேட்கும். இரண்டையும் ஒரே குழாயில் விட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். நடுவில் உண்மைக் குரல் கொஞ்சம் இருந்திருந்தால் அதுவாவது மிஞ்சியிருக்கும். நான்தான் நூறில் வைத்தேனே. மலையூரில் மரத்தில் கட்டுவது ஒற்றைக் குழாய் என்பது பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

கான்ட்ராக்டர் என்னைப் பார்த்தார். ஊரே என்னைப் பார்த்தது. நான் மைக்செட்காரரைப் பார்த்தேன்.

"ஒயர மாத்திக் குடுத்திருக்கீங்க" என்றேன்.

அவர் வயதானவர், என்னைவிட நெடுங்காலம் இந்தத் தொழிலில் இருப்பவர். வேறொரு அம்மன் பாட்டைப் போட்டார். குரல் கணீரென்று வந்தது. "ஒயரு சரியாத்தான் கீது தம்பி" என்றார்.

"அது பழைய பாட்டுங்க. இது புது டெக்னாலஜி. ஒங்க ஆம்ப்ளிஃபயர் தாங்கல."

கான்ட்ராக்டர் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினார். அவர் ஆம்ப்ளிஃபயரைத் திறந்து, சரியாக இருந்த ஒயரைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். போண்டா எண்ணெயும் பாக்குச் சாறும் அன்று எனக்கு ஒன்றுமே இல்லை என்றாகிவிட்டது. என் வாயிலிருந்து வந்ததை நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது.

பானைக்குப் பக்கத்தில் ஒரு பெண் அந்த அம்மாவிடம், "நீயே மைக்ல பாடிடேன்க்கா" என்றாள்.

"வாணாம்மே" என்றார் அவர். "என் கொரலு வாணாம்னு எடுத்துட்டாங்க போல. எடுத்தப்புறம் போயி நிக்கறது நல்லா இருக்காது."

அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. எனக்குக் காது நல்லது என்றுதான் சொன்னேனே. இரண்டு அடி வைத்துப் போய், எடுக்கவில்லை அம்மா, தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். துண்டைப் போர்த்திக்கொண்டு, கூழ் குடிக்காமல் வண்டியை எடுத்தேன். கீழே வந்து கம்ப்யூட்டரை முழுக்கத் துழாவினேன். அழித்ததை மீட்கிற மென்பொருளை இரண்டு நாள் ஓடவிட்டேன். ஒரு காதுகுத்துப் பாட்டும், இரண்டு கட்சிப் பாட்டும், யாரோ இருமியதும் கிடைத்தன. அந்தக் குரல் இருந்த இடத்தில் அதற்குள் வேறு ஏதோ ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் அவரைத் திரும்ப வரவழைத்துப் பாடவைத்திருக்கலாம், ஏன் என்று கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டுமே என்று கூப்பிடாமலேயே விட்டேன்.

பொங்கல் கழிந்து அந்த அம்மா வந்தார். இந்த முறையும் செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறினார். கட்டி இல்லை. கழுத்தில் மெல்லிய கோடு ஒன்று. உடம்பு தேறி, முகம் தெளிவாக இருந்தது. ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்ததாம். வாயைத் திறந்தபோது பாதி வார்த்தை குரலாகவும் பாதி காற்றாகவும் வந்தது.

"டாக்டரம்மா சொன்ன மாதிரியே ஆயிடுச்சிங்க. பேசறதுக்குப் போதும். பாடத்தான் வர்ல." மூச்சு வாங்கினார். "அந்தப் பாட்டு பொண்ணு போன்லயும் வர்லன்னு சொல்லுது. பம்ப சத்தம்தான் வருதாம். எஃபெக்ட் எதுவும் போடாம மொதல்ல புடிச்சீங்களே, அது குடுத்தீங்கனா போதுங்க."

அந்தப் பெண்ணின் போனிலும் ஒற்றை ஸ்பீக்கர்தான் இருந்திருக்கும். நான் எழுதி வைத்த ஃபைலில் வலது பக்கத்தை மூடிவிட்டு இடது பக்கத்தை மட்டும் போட்டேன். ஒரு பக்கம் மட்டும் என்றால் குரல் கேட்கும். கேட்டது. ஆடி ஆடி, வார்த்தை குழைந்து, மேலே ஏறுகிற இடத்தில் தெளிவதற்குப் பதில் இரண்டாக விரிந்து. அவர் தலையைச் சாய்த்து ஒரு சரணம் முழுக்கக் கேட்டார்.

"யாரோ கெணத்துக்குள்ள பாடற மாதிரி கீது" என்றார். "இது இல்லீங்க. எதுவும் போடாதது."

"அது இல்லம்மா. அழிச்சிட்டேன்."

அவர் புரியாமல் பார்த்தார். அன்று ஊரில் சொல்லாததையெல்லாம் அப்போது சொன்னேன். ஒயர் சரியாக இருந்தது, செட்டுக்காரர்மேல் தப்பில்லை, உங்கள் குரலை யாரும் வேண்டாம் என்று எடுக்கவில்லை, நான்தான் நூறுக்குத் திருகினேன், நான்தான் அழித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏங்க அப்பிடி?"

"அந்தாளு பக்கத்துல உக்காந்து துப்பிக்கினே இருந்தாருங்க. என் ஹெட்போன்ல தல மைய பூசிட்டாரு. எனக்கு அருவருப்பு தாங்கல. சீக்கிரம் எழுந்து போனா போதும்னு அவரு சொன்னதெல்லாம் செஞ்சிட்டேன்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்னக் காரணம் என்று என் காதிலேயே விழுந்தது. அந்த அம்மா கழுத்துக் கோட்டைத் தடவிக்கொண்டார். கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். காற்றில் பாதி போனாலும் ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்டது.

"அவரு மேல அருவருப்புன்னா, அவரத்தானங்க வெளிய அனுப்பி இருக்கணும். என் கொரல ஏங்க அனுப்பிட்டீங்க?"